பச்சை எழுத்தில் மூன்று பெயர்கள்

அலங்காநல்லூர்
14.3.2005

வெங்கடேஷ்பாபுவுக்கு,

காசிமாயன் எழுதுகிறேன். உன் சுகத்தைக் கேட்க எழுதவில்லை, என் சுகத்தைச் சொல்லவும் எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

தை மாதம் நாம் கூட்டாக நடத்திய வீடியோ கடையைப் பிரித்தபோது என் பங்குக்கு வந்த ஹார்டு டிஸ்க், யூஎஸ்பி வயர் வைத்த அந்தக் கறுப்புப் பெட்டி, திறக்க மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டர் உன் பங்குக்குப் போய்விட்டதால், இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் மொக்கையன் நடத்தும் பிரவுசிங் சென்டரில் கொண்டுபோய் மாட்டினேன். பெட்டி தெரிகிறது. ஃபோல்டர் தெரிகிறது. உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர் வரைக்கும் தெரிகிறது. ஆனால் எல்லாப் பெயரும் பச்சை எழுத்தில் நிற்கின்றன. எதைத் தட்டினாலும் அனுமதி இல்லை என்று ஒரு கட்டம் வந்து விழுகிறது. மொக்கையன் இரண்டு நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கெட்டுப்போகல. யாரோ பூட்டி வச்சிருக்காக. பூட்டுன ஆளுகிட்டயே கேளுங்க" என்று கையை விரித்துவிட்டான்.

அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் இரண்டே பேர். எனக்குப் பூட்டத் தெரியாது.

ஏழு வருடம் உன்னோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண வீட்டு மேளத்தையும் பேச்சையும் ஊமையாக்கிவிட்டு, ரேடியோவில் மேட்ச் கேட்டுக்கொண்டே நீ மிக்ஸிங் செய்வாய். அதைக்கூடப் பொறுத்திருக்கிறேன். இதை என்னால் பொறுக்க முடியாது. பாஸ்வேர்டு என்னவோ, அதை ஒரு கார்டில் எழுதிப் போடு. போன் வேண்டாம். உன் செல்லில் பேச எனக்கு வாய் வராது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

காசிமாயன்


முனிச்சாலை, மதுரை
19.3.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். பிரித்துப் படித்த பிறகு அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை, பரவாயில்லை.

அண்ணே, அந்த டிஸ்க்குக்கு நான் பாஸ்வேர்டு எதுவும் போடவில்லை. இது சத்தியம். பஸ்ஸில் தூக்கிப் போனதில் வயர் லூசாகியிருக்கலாம். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் பழசு. வேறு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள்.

அதில் இருப்பதெல்லாம் பழைய கல்யாண வீடியோக்கள்தானே. எல்லாருக்கும் சிடி கொடுத்தாகிவிட்டது. இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அதற்காக நீங்கள் அலைய வேண்டாம் என்பது என் எண்ணம்.

மாசியில் இங்கே புதுக் கடைக்குப் பூஜை போட்டேன். உங்களுக்குப் பத்திரிகை அனுப்பினேன், நீங்கள் வரவில்லை. என் அம்மா இரண்டு தடவை கேட்டார்கள், "காசி ஏன் வரல?" என்று.

பாபு


அலங்காநல்லூர்
27.3.2005

பாபு,

வயர் லூசு என்று எழுதியிருக்கிறாய். நானும் நம்பினேன். புது வயர் வாங்கினேன். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மேலூர் வரைக்கும் பஸ்ஸில் போனேன். அங்கே என் சித்தப்பா மகன் உக்கிரபாண்டி ஒரு கிரானைட் ஆபீஸில் வேலை பார்க்கிறான், அங்கே உள்ள கம்ப்யூட்டர் புத்தம் புதுசு. அதிலும் அதே பச்சைப் பெயர்கள், அதே கட்டம். திரும்பும் வழியில் ஆரப்பாளையத்தில் இறங்கி நம் பழைய கடைக்கு எதிரே இருக்கும் சர்வீஸ் சென்டரிலும் காட்டினேன். நம் கடை இருந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள்.

கல்யாண வீடியோவுக்காக அலைகிறேன் என்று நினைக்கிறாய். அதெல்லாம் எனக்கு எதற்கு? அந்த டிஸ்க்கில் 'ஈஸ்வரி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. நீதான் போட்டாய். அதில் மூன்று ஃபைல். எண்ணூறு கல்யாணம் எடுத்தவன் நான். என் பெண்டாட்டி பாண்டீஸ்வரியை எடுத்தது அந்த மூன்று மட்டும்தான். முதல் இரண்டும் புதுக் கேமரா வாங்கியபோது கலர் சரியாக விழுகிறதா என்று பார்க்க நான் எடுத்தவை. மூன்றாவதை அவளே எடுத்தாள்.

போன ஆடியில் கல்யாணம் இல்லாததால் கேமரா வீட்டில்தான் கிடந்தது. நான் வயலுக்குப் போயிருந்த நேரம் ஸ்டாண்டில் மாட்டி, சிவப்பு பட்டனை அமுக்கி, தானே முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். சாயங்காலம் சோறு போடும்போது சொன்னாள்: "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு எம்புட்டு நாளா பாக்குறேன். நேர்ல சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்குறீக. கேமரா வழியா பாத்தாத்தான் நீங்க எதையும் ஒழுங்கா பாப்பீக. அதான் அதுகிட்டயே சொல்லி வச்சிருக்கேன். கடையில போட்டுப் பாருங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. பார்க்கிறேன் என்றேன். அந்த டேப்பை உன்னிடம் கொடுத்தேன், நீ கம்ப்யூட்டரில் ஏற்றினாய். ஆவணி பிறந்ததும் அதே டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுத்தோம். எந்த டேப்பை நாம் ஒரு தடவையோடு விட்டிருக்கிறோம்? வேலை நெருக்கடி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதுகிறேன். காய்ச்சலில் படுத்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு என் தங்கச்சி உன் செல்லுக்குப் போன் செய்தாள், எனக்குச் செல் இல்லாததால். நாம் வாடிப்பட்டியில் மண்டபத்தில் நின்றோம். தாலி கட்டுகிற வரைக்கும் கேமராக்காரன் நகரக் கூடாது என்று நீ நாற்பது நிமிஷம் என்னிடம் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இல்லை.

அதற்கப்புறம் அந்த ஃபைலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் அதை விடவும் மனசில்லை. பங்கு பிரித்த அன்று மூத்தவன் பிரிக்கணும், இளையவன் எடுக்கணும் என்று ஊர் வழக்கம் பேசினேனே, ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டர், பிரிண்டர், லைட்டு எல்லாவற்றையும் ஒரு பக்கம் குவித்தேன். மறு பக்கம் பழைய கேமராவும் இந்தப் பெட்டியும் மட்டும். நீ பெரிய குவியலைத்தான் எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பிரித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். இப்போது சொல், என்ன பூட்டு அது?

காசிமாயன்


முனிச்சாலை, மதுரை
8.4.2005

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஐந்தாறு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பாஸ்வேர்டு போடவில்லை என்று சத்தியம் செய்தேன். அது பொய் இல்லை. ஆனால் பூட்டினேன். விண்டோஸில் ஒரு ஃபோல்டரைப் பூட்ட ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தால் போதும். அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. சாவி அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, நாம் நுழைகிற பெயரோடு சேர்ந்து இருக்கும். நம் கம்ப்யூட்டரில் மாட்டினால் பூட்டியதே தெரியாது, தானாகத் திறக்கும். வேறு எதில் மாட்டினாலும் பெயர் மட்டும்தான் பச்சையாகத் தெரியும்.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் வெள்ளைத்துரை ஸ்டூடியோ வாசலில் நீங்கள் அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இரண்டு மாதமாக நம் கடைக்கு வராத நீங்கள், போட்டிக் கடை வாசலில் நிற்கிறீர்களே என்று மனது கெட்டுப்போனது. ஏழு வருட வேலையை அப்படியே தூக்கி அவரிடம் கொடுத்துவிடுவீர்களோ என்று பயந்தேன். அன்றைக்கே மொத்த டிஸ்க்குக்கும் டிக் அடித்தேன். உள்ளே மதினியின் ஃபோல்டர் இருப்பது என் நினைப்பில் இல்லை. பங்கு பிரித்த அன்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்களை நான் சந்தேகப்பட்டது வெளியே வந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

கொஞ்சம் பொறுங்கள். டிஸ்க்கை இனி யாரிடமும் கொடுக்காதீர்கள். நான் விசாரிக்கிறேன்.

பாபு


அலங்காநல்லூர்
12.4.2005

மாப்ள பாபு,

உன் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. சாவி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். மொக்கையனிடம் போய்ப் படித்துக் காட்டினேன். "அப்ப ஒங்க பழைய கம்ப்யூட்டர்ல மாட்டுனா வேலை முடிஞ்சதுண்ணே" என்றான்.

வெள்ளைத்துரை விஷயம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. போன வருடம் சோழவந்தானில் என் மச்சினி கல்யாணத்தை அவர்தான் எடுத்தார். ஈஸ்வரி ஒரு வாரம் அங்கேயே நின்று வேலை பார்த்தாள். ஒதுக்கித் தள்ளிய டேப்பில் எங்கேயாவது, பந்தியிலோ அடுப்படியிலோ, அவள் முகம் விழுந்திருக்குமா என்று கேட்கத்தான் போனேன். அவரும் பாவம் தேடிப் பார்த்தார். அவளுடைய முதுகு ஒரு இடத்தில் இருந்தது. பரிமாறிக்கொண்டு போகிறாள்.

இப்போது சித்திரைத் திருவிழாக் கூட்டம், பஸ்ஸில் இடம் கிடைக்காது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியதும் வாரேன். உன் கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். நான் பார்க்கும்போது நீ வெளியே நின்றால் போதும். அதற்கப்புறம் உனக்கும் எனக்கும் என்ன என்பதை உட்கார்ந்து பேசலாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

காசி


முனிச்சாலை, மதுரை
16.4.2005

அண்ணே,

வர வேண்டாம். இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் நீங்கள் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து இறங்குவதை என்னால் பார்க்க முடியாது.

அந்தக் கம்ப்யூட்டரை நான் அழித்துவிட்டேன்.

மாசியில் புதுக் கடை திறக்கும் முன்னால் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், பழைய கடையின் பீடை புது இடத்துக்கு வரக் கூடாது என்று. மேஜையைக் கழுவினோம். நாற்காலிக்குப் புதுத் துணி தைத்தோம். கம்ப்யூட்டரை எப்படிக் கழுவுவது? எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். அப்புறம்தான் மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். வைரஸ் இருந்தது, மெதுவாக ஓடியது என்று யாரிடமும் காரணம் சொல்லலாம். நிஜமான காரணம் வேறு. ஒவ்வொரு நாளும் சுவிட்சைப் போட்டதும் திரையில் 'காசி பாபு' என்று நம் இரண்டு பேர் பெயரும் ஒன்றாக வந்து நிற்கும். தினமும் அதைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெயரை அழிக்க வேண்டும் என்றுதான் அழித்தேன்.

சாவி அந்தப் பெயருக்குள்தான் இருந்தது, அண்ணே.

உங்கள் முதல் கடிதம் வந்தபோதே எனக்கு இது தெரியும். பச்சை எழுத்து என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் தெரிந்துவிட்டது. வயர் லூசு என்று எழுதியது என் கோழைத்தனம். உங்களை மேலூர் வரைக்கும் அலையவிட்டது நான்தான்.

பாபு


அலங்காநல்லூர்
25.4.2005

வெங்கடேஷ்பாபு,

அன்றைக்கு அவள் உயிரோடு இருக்கும்போது நாற்பது நிமிஷம் மறைத்தாய். இப்போது ஒரு மாதம் மறைத்தாய். நான் பஸ்ஸில் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுதாதே.

காசிமாயன்


முனிச்சாலை, மதுரை
6.6.2005

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். இடையில் எழுதிய இரண்டு கடிதங்களை நீங்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இதையாவது பிரிப்பீர்கள் என்று கவரின் மேல் இந்துப்ரியாவை விலாசம் எழுதச் சொன்னேன். என் மனைவியின் கையெழுத்து உங்களுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு சென்னைக்குப் போனேன். அழித்ததை மீட்கிற ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒன்பது நாள் வைத்துத் தேடினார். நான் அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கி, தினமும் காலையில் போய் அவர் வாசலில் உட்கார்ந்தேன். பழைய போட்டோக்கள் பாதி பாதியாக வந்தன. ஒரு மாப்பிள்ளையின் தலைப்பாகை, ஒரு வாழைமரம், மண்டபத்துப் படி. ஒவ்வொன்றும் வரும்போது எழுந்து போய்ப் பார்த்தேன். சாவி மட்டும் வரவில்லை. கடைசி நாள் அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "சார், சாவி இருந்த இடத்துல புது விண்டோஸ் உட்கார்ந்திருக்கு. மேலேயே எழுதிட்டீங்க. இனி யார்கிட்ட போனாலும் காசுதான் போகும்" என்றார். சாவி இல்லாமல் உங்கள் டிஸ்க்கைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். இந்த ஜென்மத்தில் முடியாது என்றார். அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை, பஸ் போய்விட்டது என்பது மாதிரி சொன்னார்.

ஊருக்கு வந்ததும் கடையை மூடிவிடலாமா என்று இந்துப்ரியாவிடம் கேட்டேன். "மூடிட்டா அவருக்கு என்ன கெடச்சிரும்?" என்று கேட்டாள். மறுநாள் கடையைத் திறந்தேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நடந்ததை உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதினேன்.

பாபு


அலங்காநல்லூர்
18.7.2005

பாபு,

நேற்று ஆடி பிறந்துவிட்டது. அவள் அந்தக் கேமரா முன்னால் உட்கார்ந்து ஒரு வருடம்.

நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் மொக்கையன் சென்டருக்குப் போகிறேன். டிஸ்க்கை மாட்டி அந்த மூன்று பெயரையும் பார்த்துவிட்டு வருகிறேன். ஈஸ்வரி ஒன்று, ஈஸ்வரி இரண்டு, ஈஸ்வரி மூன்று. அவன் காசு வாங்குவதில்லை. முதலாவதில் அவள் அரிசி புடைக்கிறாள், "மூஞ்சிக்கு நேரா கொண்டு வராதீக" என்று முறத்தால் மறைக்கிறாள். இரண்டாவதில் தலை சீவிக்கொண்டே என் தங்கச்சியோடு வம்பு பேசுகிறாள். அந்த இரண்டும் என் கண்ணில் இருக்கின்றன, திறக்காவிட்டாலும் போகட்டும். மூன்றாவதின் அளவைப் பார்த்து மொக்கையன் கணக்குப் போட்டுச் சொன்னான், நாலு நிமிஷம் ஓடும் என்று. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

நாலு நிமிஷம் என்றால் சும்மா இல்லை. கோபித்துக்கொண்டாளா? பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்றாளா? உடம்புக்கு முடியவில்லை என்று அப்போதே சொன்னாளா? அப்படிச் சொல்லியிருந்து, நான் பார்க்காமல் விட்டுவிட்டேனா? சோற்றில் கை வைத்தால் இதே நினைப்பு. வயலில் மடை திறந்துவிட்டு நிற்கும்போதும் இதேதான்.

நேற்று ஒன்று தோன்றியது, இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை. டேப்பிலிருந்து அதை ஏற்றியது நீ. ஏற்றும்போது படம் திரையில் ஓடும். முழு நாலு நிமிஷமும் ஓடினால்தான் ஏறும். அப்படியானால் நீ பார்த்திருக்கிறாய். அவள் பேசியது உன் முன்னால்தான் ஓடியிருக்கிறது.

பூட்டு, சாவி, செல், எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். எனக்கு இது ஒன்றைச் சொல். அவள் என்ன சொன்னாள்? என்னைத் திட்டியிருந்தாலும் எழுது. நல்லதோ கெட்டதோ, அவள் சொன்னதை அப்படியே எழுது. இனி இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் அதைச் சொல்ல முடியும்.

காசி


முனிச்சாலை, மதுரை
26.7.2005

அண்ணே,

இதற்கு முன்னால் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் மதினி உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள் என்று எழுதினேன். இன்னொன்றில், சும்மா விளையாட்டுக்கு ஏதோ ஊர்க்கதை பேசினார்கள், மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று எழுதினேன். இரண்டுமே நீங்கள் நம்பும்படி இருந்தன. தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். அவர்கள் வாயில் என் வார்த்தையை வைக்க எனக்கு என்ன உரிமை?

நான் பார்த்தது நிஜம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மதினி அரக்குச் சேலை கட்டியிருந்தார்கள். பின்னால் உங்கள் வீட்டு நீலச் சுவர், அதில் ஒரு மளிகைக்கடைக் காலண்டர். முதலில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு கேமரா ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து எழுந்து வந்து பார்த்தார்கள், அப்போது முகம் திரை முழுக்க வந்தது. திரும்பப் போய் உட்கார்ந்து தலைப்பைச் சரி செய்துகொண்டார்கள். பேச ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் தரையைப் பார்த்து, அப்புறம் நேராக. நடுவில் ஒரு தடவை சிரித்தார்கள். ஒரு தடவை முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். வியர்வையா, கண்ணீரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விரல் விட்டு எதையோ எண்ணினார்கள், மூன்று விரல் வரைக்கும்.

அன்றைக்கு மேட்ச், அண்ணே. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் போல ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தேன்.

மதினி பேசுவதைப் பார்த்து, இது அண்ணனுக்கானது, நாம் கேட்கக் கூடாது என்று நான் மரியாதைக்காக அணைத்திருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அது உண்மை இல்லை. எனக்கு ஸ்கோர் கேட்க வேண்டியிருந்தது. நாலு நிமிஷமும் அவர்கள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, நான் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எழுந்து கேமராவை அணைக்கப் பக்கத்தில் வந்தார்கள். உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்ததை வைத்து அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. அது எனக்கு நிச்சயம், அதனால் எழுதுகிறேன்.

"அம்புட்டுத்தேன்" என்றார்கள். கை வந்து மறைத்தது.

பாபு